ரெண்டாம் நம்பர் சொட்டு

மார்ச் 4, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் பெயர், தொழில், ரத்த வகை என்று மூன்று கோடு போட்டிருந்தார்கள். பெயர்: ஆவுடையப்பன். தொழில்: ஆவுடையப்பன் மெடிக்கல்ஸ், மேலப்புதுக்குளம். ரத்த வகை தெரியாததால் 'பார்த்துச் சொல்லப்படும்' என்று எழுதினேன். அதோடு இரண்டு மாதம் பேனாவைத் தொடவில்லை.

இன்று எழுத ஒரு விஷயம் கிடைத்தது. அம்பாசமுத்திரத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு பைக்கில் திரும்பும்போது முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். பிசான நெல் அறுவடை நேரம், ரோடெல்லாம் வைக்கோல்தான். முந்திவிடலாம் என்று பக்கத்தில் போனேன். ஒரு துரும்பு பறந்து வந்து வலது கண்ணில் நேராகக் குத்தியது. ஹெல்மெட் இருந்தது. பெட்ரோல் டாங்க் மேல் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணைக் கழுவிவிட்டு ரெண்டாம் நம்பர் விட்டேன்.

பின்னால் யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டும் அல்லவா? என் கடையில் கண்ணுக்கு மூன்று சொட்டு. ஒன்றாம் நம்பர் உறுத்தலுக்கு. மூன்றாம் நம்பர் வயசானவர்களின் வறட்சிக்கு. ரெண்டாம் நம்பர், பச்சை மூடி போட்டது, சகலத்துக்கும். ரத்தமாகச் சிவந்த கண்ணும் இரண்டு நாளில் வெளுத்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையில் சிவப்பு மையில் போட்டிருக்கும். எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது, ஆகவே சீட்டும் கிடையாது. முப்பது வருடமாகச் சனங்கள் வந்து, "அண்ணாச்சி, ஒங்க சொட்டு ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனிக்காரன் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பெருமையை நான் மறுத்ததும் இல்லை.

மார்ச் 6, புதன்

கண் வெள்ளை வெளேர். கண்ணாடியில் பார்த்து எனக்கு நானே ஒரு கும்பிடு போட்டேன். கைராசி என்பது சும்மா இல்லை. தன் கண்ணுக்கே வேலை செய்கிறது.

காலையில் பஸ் நிறுத்தத்தில் வடக்குத் தெரு செல்லக்கிளியைப் பார்த்தேன். பீடி சுற்றுகிறவள். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய சினிமாக்காரி மாதிரி நிற்கிறாள். தலையை அசைத்தேன், பார்க்காதது போல இருந்துவிட்டாள். போன வருஷம் இதே பிசான அறுப்பில் கண்ணில் தூசி பட்டதென்று என்னிடம்தான் வந்தாள். ரெண்டாம் நம்பர் கொடுத்தேன், கேட்டது. மறுபடி வந்தாள், மறுபடி கொடுத்தேன். மூன்றாம் பாட்டிலோடு கண் சொட்டுக்கு வருவது நின்றது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து வேண்டுமென்றால் மூத்த மகளை அனுப்புகிறாள். இந்தத் தொழிலில் இதுதான் கஷ்டம். குணமானவர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் 9, சனி

கண் கூசுகிறது. கடை வாசலில் நிற்க முடியவில்லை. வேலை அதிகம், அதனால்தான் இருக்கும். சொட்டை ஆறு வேளையாக்கினேன்.

மார்ச் 11, திங்கள்

கருவிழியில் கடுகு அளவு வெள்ளைப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் மாத்திரை அட்டையில் எழுத்து கலங்குகிறது. வலி நெற்றி வரை போகிறது. இன்று வந்த ஒருவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "நான் பெறவு வாரேன் அண்ணாச்சி" என்று கண் சொட்டு வாங்காமலே போய்விட்டார். மொட்டைத் தலையன் சீப்பு விற்ற கதையாகிவிட்டது.

வடிவு (என் மனைவி, முழுப்பெயர் சண்முகவடிவு, முழுப்பெயரில் கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்) ராத்திரிச் சோறு வைக்கும்போது சொன்னாள்: "நாளக் கழிச்சு திருநெல்வேலிக்குப் போறோம். பெரிய கண் ஆஸ்பத்திரி."

"எதுக்கு? நான் பாக்காத கண்ணா?"

"நீங்க பாத்ததுனாலதான் இப்படி இருக்கு."

மார்ச் 13, புதன்

இன்று நிறைய எழுத வேண்டும். இடது கண்ணால் எழுதுகிறேன், கோடு மேலும் கீழும் போகும்.

ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு கொடுத்தார்கள். 'தொழில்' என்ற இடத்தில் 'ம' வரை எழுதிவிட்டேன். பிறகு யோசித்தேன். மருந்துக்கடைக்காரன் ஒன்பது நாள் கழித்துச் சீழ் பிடித்த கண்ணோடு வந்து நிற்பது எவ்வளவு அவமானம். 'ம'வை அடித்துவிட்டு 'விவசாயம்' என்று எழுதினேன். எனக்கிருக்கும் விவசாயம் பின்பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை மரம். அதற்கும் வடிவுதான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

டாக்டர் பௌசியாவுக்கு முப்பது வயசுதான் இருக்கும். கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றதால் வடிவு உள்ளே வரவில்லை. அதுவரைக்கும் தப்பித்தேன்.

"என்ன ஐயா பட்டுது?"

"வைக்கோல் துரும்பும்மா."

"என்ன மருந்து போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. பச்சத் தண்ணி விட்டுக் கழுவுனேன்."

"மெடிக்கல்ல கேட்டு ஏதாவது?"

"சேச்சே. எங்க ஊரு மெடிக்கல்காரரு தங்கமான மனுசன். சீட்டு இல்லாம ஒரு மாத்திர குடுக்க மாட்டாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. நான் அந்தப் பூசணிக்காய்க்கு நற்சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மஞ்சள் சாயம் தொட்ட ஒரு காகிதத்தைக் கண்ணில் ஒற்றிவிட்டு நீல வெளிச்சத்தில் மறுபடி பார்த்தார். "புண்ணோட ஓரம் பிசிறு பிசிறா இறகு மாதிரி இருக்கு. பக்கத்துல குட்டிப் புள்ளி வேற" என்று நர்சிடம் சொன்னார். பிறகு கட்டிலில் படுக்க வைத்து, மரத்துப்போக வைக்கும் சொட்டு விட்டு, சின்னக் கத்தியால் புண்ணைச் சுரண்டினார். வலிக்கவில்லை. ஆனால் தன் கண்ணை நோக்கி ஒரு கத்தி வருவதைத் தன் கண்ணாலேயே பார்ப்பது போல ஒரு தண்டனை கிடையாது. கட்டிலின் கம்பியை நான் பிடித்த பிடியில் அது வளைந்திருக்கும்.

சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் கூப்பிட்டு, "நல்ல கண்ணால பாருங்க ஐயா" என்றார். பார்த்தேன். பிடுங்கிப் போட்ட புல்லின் வேர் மாதிரி கிளை கிளையாக ஓடியிருந்தது.

"இது பூஞ்சை. ஊறுகாய் ஜாடில பூக்குமே, அதோட பங்காளி. வைக்கோல், சருகு, மரக்கிளை பட்டா இதுதான் வரும். பாக்டீரியா மருந்துக்கு இது அசையாது." பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "நல்லவேளை, நீங்க ஸ்டீராய்டு சொட்டு போடல. கண்ணு சிவக்குறதும் வலிக்கிறதும் நாய் குரைக்கிற மாதிரி. திருடன் வந்திருக்கான்னு சொல்லுது. ஸ்டீராய்டு நாய்க்கு மயக்க மருந்து குடுத்துரும். சத்தம் நின்னதும் நாம நிம்மதியாத் தூங்குவோம். திருடன் உள்ள உக்காந்து சாவகாசமா சாப்பிடுவான்."

தலையாட்டினேன். ரெண்டாம் நம்பரின் அட்டையில் நீளமாக எழுதியிருக்கும் பெயர் எந்த வகை என்று எனக்குத் தெரியாதா என்ன? டிப்ளமோ முடித்தவன். முப்பது வருடமாக ஊர் நாய்களுக்கெல்லாம் மயக்க மருந்து கொடுத்தது யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. குலுக்கி விட வேண்டும். பகலில் மணிக்கொரு தரம், ராத்திரி இரண்டு மணிக்கொரு தரம். மூன்று வாரமோ, ஆறு வாரமோ, புண் சொல்லும் கணக்கு. பூஞ்சையை வளர்த்துப் பார்க்கக் கொஞ்சம் தட்டிலும் தடவி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் வடிவு கேட்டாள்: "ரெண்டாம் நம்பர் போட்டதச் சொன்னியளா?"

"சொன்னேன்."

மார்ச் 14, வியாழன்

6, 7, 8, 9, 10, 11, 12, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு எழுதாததற்கு இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 15, வெள்ளி

வடிவுதான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு சட்டம் போட்டிருக்கிறாள்: காய்ச்சல், தலைவலி, வயிற்றுப்போக்கு வரைக்கும் மருந்து, அதற்கு மேல் பஸ் நேரம். இன்று ரெண்டாம் நம்பர் கேட்டு வந்த ஒருவரிடம் திருநெல்வேலி பஸ் நேரத்தைச் சொல்லி அனுப்பிவிட்டாள். உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சொட்டு விடும்போது இமையோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவன் மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 17, ஞாயிறு

அடுத்த திங்கள் பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலில் சொந்தம் முழுக்கக் கூடும். தென்காசியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் எங்கள் சொந்தத்தில் பச்சை மூடி போகாத வீடு கிடையாது. அத்தனை பேர் நடுவில் இந்தச் சிவந்த கண்ணோடு பொங்கல் பானைக்கு முன்னால் எப்படி நிற்பது? "என்ன மாமா, ஒங்க சொட்டு போடலியா?" என்று ஒருத்தன் கேட்டால் போதும்.

பால் மருந்தில் சிவப்பு குறையவில்லை. ஒன்று யோசித்தேன். டாக்டரம்மா சொன்னது, அந்தச் சொட்டைத் தனியாகப் போட்டால். நான் பூஞ்சை மருந்தும் போடுகிறேனே! திருடனைப் பிடிக்கப் போலீஸ் வந்தாயிற்று. இனி நாய் தூங்கினால் என்ன?

துணைக்கு ஒரு சொட்டு, காலையும் மாலையும். பாட்டில் தலையணை உறைக்குள். வடிவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

சிவப்பு குறைந்திருக்கிறது. பார்த்தீர்களா?

மார்ச் 20, புதன்

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் தேங்கியிருக்கிறதாம். கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல மட்டம் ஏறுமாம். புண் ஆழமாகியிருக்கிறது.

"மருந்து ஒழுங்கா போட்டீங்களா?"

வடிவு எழுதி வைத்த தாளைக் காட்டினேன். ஒரு மணி கூடத் தவறவில்லை. அது சத்தியமான தாள்.

"அப்பறம் ஏன்னு புரியலயே. வேற எதுவும் போடலையே?"

"இல்லம்மா."

"இது இப்படியே போனா கருவிழி ஓட்டையாயிரும் ஐயா. மாத்துக் கருவிழி வச்சு தைக்கணும். அதுவும் கேக்கலன்னா கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்." வேறு ஒரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தார். நாளை மறுநாள் பெட்டி படுக்கையோடு வரச் சொன்னார்.

வடிவு மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தாள். செல்லக்கிளி.

"அண்ணாச்சியா? நீங்களுமா கண்ணுக்கு வந்திய?"

அவளுடைய இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழி முழுக்க வெள்ளை. பழைய சங்கு மாதிரி.

"என்னம்மா இது?"

"வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. பத்து மாசமா வந்துட்டுப் போறேன். புண்ணு ஆறிட்டாம், தழும்புதானாம். யாராச்சும் கண்தானம் குடுத்தா வச்சுத் தைக்கலாம்னு டாக்டரம்மா பேரு எழுதி வச்சிருக்காவ." சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன அறுப்புல பட்டது. மொதல்ல ஒரு சொட்டு போட்டேன், நல்லாக் கேட்டுச்சு. பெறவு கேக்கல. மூணு பாட்டில் போட்டேன். எந்தக் கடைல வாங்குனன்னு டாக்டரம்மா அன்னைக்குப் பூராம் கேட்டாவ. மறந்துட்டுன்னு சொல்லிட்டேன்."

வடிவு எழுதிய தாளை நாலாக மடித்தேன்.

"நீங்க எந்தக் கடைல வாங்குனிய அண்ணாச்சி?"

பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது. அந்த நாற்பது நிமிடமும் நானும் வடிவும் ரோட்டில் வெயிலில் நின்றோம்.

எந்தக் கடைக்காரன் கொடுத்தானோ. பாவம் அந்தப் பெண்.

மார்ச் 21, வியாழன்

நேற்றுக் கடைசி வரியில் எழுதியது பொய். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். என் டைரியிலேயே எனக்கு நான் நல்லவனாக நடித்திருக்கிறேன் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும்.

நான்தான் கொடுத்தேன். மூன்று பாட்டில். இரண்டாவது பாட்டிலுக்கு வந்தபோது, "மங்கலாத் தெரியுது அண்ணாச்சி" என்றாள். "மருந்து வேலை செய்யுது, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மூன்றாவதுக்கு வந்தபோது பீடி இலை நறுக்க முடியவில்லை என்றாள். அப்போது கடையில் கூட்டம். அவள் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

காலையில் வடிவு தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினாள். பச்சை மூடி தரையில் விழுந்து உருண்டது. அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நாளைக்கி நானும் உள்ள வருவேன். வெளிய நில்லுன்னா நிக்க மாட்டேன்."

"வடிவு..."

"ஒங்க கண்ணு போனா நான் கூட்டிட்டு நடப்பேன். அதப் பத்தி ஒண்ணுமில்ல. ஆனா பொய் சொல்லிக் கண்ணத் தொலச்சியன்னு ஊருல ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

எனக்குப் பயமாக இருக்கிறது. கண் போய்விடும் என்று பயம். அதைவிட, நாளைக்கு அந்த டாக்டர் பெண்பிள்ளை முன்னால் வாயைத் திறக்க வேண்டுமே என்று பயம். ஐம்பத்தாறு வயசில் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயப்படும் பிள்ளை மாதிரி வயிறு வலிக்கிறது. அதற்கு என் கடையில் ஒரு மாத்திரை உண்டு. போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 22, வெள்ளி

"அம்மா, ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்தேன். பச்சை மூடிப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் பௌசியா அட்டையைப் படித்தார். என் பதிவுச் சீட்டைப் படித்தார். "விவசாயத்துக்கு இது எதுக்கு ஐயா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கறிவேப்பிலை மரம் வரைக்கும் சொன்னேன். வடிவு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முடிவில், "செல்லக்கிளின்னு ஒரு பொண்ணு வருமே, மேலப்புதுக்குளம். அது சொட்டு வாங்குன கடையும் என் கடதான்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் முந்தா நாள் குழம்பியிருக்க மாட்டேன். மருந்து தோத்துப் போச்சுன்னு நினைச்சேன். இன்னைக்கு அறுத்து மாத்தணும்னு எழுதி வச்சிருந்தேன். இப்ப முதல்ல இந்தப் பாட்டிலை நிறுத்திட்டு, கருவிழிக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்ப்போம்."

"கடைய மூடிருவாங்களாம்மா?"

"நான் டாக்டர் ஐயா, போலீஸ் இல்ல. எனக்கு ஒண்ணு வேணும். இந்த வருஷம் யாருக்கெல்லாம் இதைக் குடுத்தீங்களோ, அத்தனை பேர் பேரும் வேணும். கண்ணு இன்னும் சரியில்லாதவங்க எல்லாரும் இங்க வரணும். நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

கருவிழிக்குள் ஊசி போட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். வார்டில் எனக்கு இருபத்தி ஏழாம் நம்பர் கட்டில். கோயிலுக்கு வராததற்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்து விசாரித்தார்கள். எடுத்தது வடிவு. ஒருவர் விடாமல் முழுக் கதையும் சொல்லிவிட்டாள். யார் கண்ணில் படக் கூடாது என்று அந்தச் சொட்டைப் போட்டேனோ அவர்கள் காதுக்கெல்லாம் மத்தியானத்துக்குள் விஷயம் போய்ச் சேர்ந்தது.

மார்ச் 28, வியாழன்

சீழ் மட்டம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது.

மார்ச் 30, சனி

இன்னொரு ஊசி. வலது கண்ணால் ஜன்னலின் கம்பிகளை எண்ணினேன். ஐந்து. வடிவு ஏழு என்றாள்.

ஏப்ரல் 6, சனி

வீடு. சீழ் இல்லை. புண் ஆறி வருகிறது, பால் மருந்து இன்னும் ஒரு மாதம். கண் தப்பித்தது, ஆனால் தழும்பு தங்கிவிடும். எழுத்துப் பலகையில் மேல் இரண்டு வரி படிக்கிறேன். மூன்றாவது வரியை மனப்பாடம் செய்து சொல்லப் பார்த்தேன். டாக்டரம்மா பலகையை மாற்றிவிட்டார்.

வடிவு கடையிலிருந்த பச்சை மூடிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டியிருக்கிறாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ரெண்டாம் நம்பருக்கு நான் பில் போட்டதே இல்லை. ஞாபகத்திலிருந்து எழுதினேன். முப்பத்தொரு பேர். நானும் வடிவும் வீடு வீடாகப் போகிறோம். வாசலில் நின்று, "நான் குடுத்த சொட்டு தப்பு, கண்ணக் காட்டுங்க" என்கிறேன். ஓட்டுக் கேட்கப் போனவர்களுக்குக்கூட எங்கள் ஊரில் இத்தனை காப்பி கிடைத்திருக்காது. யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "அப்ப அந்தச் சர்க்கர மாத்திரையாவது சரிதானா?" என்று கேட்டார். சரிதான் என்று சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

அறுப்பு மிஷின் ஓட்டுகிற உச்சிமாகாளியின் கண்ணில் என் கண்ணில் பார்த்த அதே புள்ளி. கடுகில் பாதி. காலை பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போனேன். சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா.

முப்பது வீடு முடிந்தது. ஒரு வீடு பாக்கி.

ஏப்ரல் 11, வியாழன்

வடிவு கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

செல்லக்கிளி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஆனால் ஒவ்வொரு பீடியின் முனையையும் மடக்கும்போது முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பக்கத்தில் கம்பெனியில் கழித்துப் போட்ட பீடிக் கட்டுகள் கிடந்தன.

வழியெல்லாம் நான் தயார் செய்த பேச்சு இருந்தது. விதி, அறியாமை, காலத்தின் கோலம் என்றெல்லாம் அதில் வரும். ஒன்றும் வரவில்லை. "செல்லக்கிளி, ஒன் கண்ணு என்னாலதான் போச்சு" என்றேன்.

"தெரியும்" என்றாள். தலையைத் தூக்கவில்லை.

"தெரிஞ்சா அன்னைக்கு..."

"தெரிஞ்சுதான் கேட்டேன், எந்தக் கடைல வாங்குனியன்னு. வாயத் தொறப்பியளான்னு பாத்தேன். எந்திரிச்சு ஓடிட்டிய." முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கண்ணு போனப்பகூட அப்படி அழல அண்ணாச்சி."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"டாக்டரம்மாகிட்ட பேரச் சொல்லாம இருந்தேனே, ஒங்க மேல உள்ள பாசமுன்னு நெனச்சியளா? எனக்கு மூணு பிள்ளைய. ராத்திரி காய்ச்சல் வந்தா அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒரு கட கெடையாது. ஒங்க கடய மூடிட்டா நான் எங்க போயி நிப்பேன்? அந்த ஒரு காரணம்தான்."

"தெரியுதும்மா."

"தெரியாது ஒங்களுக்கு." கழித்துப் போட்ட கட்டு ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஒங்க கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

மேல் இரண்டு வரி தெரிகிறது என்றேன். "எனக்கு அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துவிட்டார்கள். ஓ நெகட்டிவ். யாருக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுப்பதற்கு என்னிடம் ஒரு நல்ல பொருள் இருந்திருக்கிறது, அதைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம், ஒரு கருவிழி கிடைத்திருக்கிறது, உடனே வர வேண்டும் என்று. செல்லக்கிளியின் மூத்த மகள் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாள். செல்லக்கிளியின் புருஷன் கேரளாவிலிருந்து வந்து சேர நாளை ஆகும். யாரோ கூட இருக்க வேண்டும். கார் பிடித்து வடிவு போனாள். எனக்கும் போக வேண்டும் போலத்தான் இருந்தது. "நீங்க பிள்ளையளப் பாருங்க" என்றாள் வடிவு. மூன்று பிள்ளைகளுக்கும் தோசை சுட்டேன். முதல் நாலு தோசையையும் கோழி தின்றது.

ஜூன் 22, சனி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் விரல்களை எண்ணினாளாம். வடிவு போனில் சொல்லும்போது அழுதாள். நானும் அழுதேன். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று காலை செல்லக்கிளி கடைக்கு வந்தாள். ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அவளே வருகிறாள். ஒரு சீட்டை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரில குடுத்த சொட்டு தீந்துட்டு. இது ஒங்ககிட்ட இருக்கான்னு பாருங்க."

இடது கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தேன். எழுத்து எழுத்தாக மறுபடி படித்தேன். டாக்டர் பௌசியாவின் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. மருந்து, ரெண்டாம் நம்பர்.

"என்ன அண்ணாச்சி, இல்லியா?"

"இருக்கு. ஆனா இது..."

"தெரியும். பச்ச மூடி. டாக்டரம்மா சொல்லித்தான் குடுத்தாவ. புதுக் கருவிழிய ஒடம்பு அசலூர்க்காரன்னு நெனச்சு வெரட்டப் பாக்குமாம். இப்ப திருடன் கெடையாது, வந்திருக்கது விருந்தாளி. அதனால நாயக் கட்டிப் போடணுமாம்."

வடிவைக் கூப்பிட்டேன். அவளும் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் படித்தாள். பிறகு கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியை எடுத்து டப்பாவைத் திறந்தாள். ஒரு பாட்டிலை எடுத்து, காலாவதித் தேதியை உரக்கப் படித்து, என் கையில் வைத்தாள். என் கடையில் எனக்கே மருந்து கொடுக்கும் ஆள் வந்துவிட்டது.

செல்லக்கிளி பாட்டிலை வாங்கவில்லை. வெளியே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பத்து மணி சொட்டு இன்னும் போடல. மக பள்ளிக்கூடம் போயிட்டா. நீங்களே விடுங்க."

"நானா?"

"வேற யாரு? மூணு பாட்டில் குடுத்திய, ஒரு சொட்டு விட்டுப் பாத்ததில்லல்லா."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். அட்டையை இன்னொரு தரம் படித்தேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்தாள். அந்த வெள்ளை இப்போது இல்லை. கருவிழியைச் சுற்றி மெல்லிய தையல் தெரிந்தது, நூல் ஒவ்வொன்றும் சூரியக் கதிர் மாதிரி ஓரத்தை நோக்கி ஓடியது. முப்பது வருடத்தில் ஒரு மனுஷரின் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது.

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தாள். திறந்ததும் நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க கண்ணுலயும் பூ விழுந்திருக்கே."

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. வலது கண்ணு, நடுவுல, மொளகு தண்டி." கையை எடுக்காமலே கேட்டாள்: "எந்தக் கடைல சொட்டு வாங்குனிய?"

வடிவு டப்பாவைப் பூட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பத்தரை மணி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. நான் ஓடவில்லை.

"என் கடைலதாம்மா" என்றேன்.